மூன்றாம் பக்கம்

தலைநகர் மாண்டிவிடியோவிலிருந்து வந்த வக்கீல், வாரப் பத்திரிகையின் ஆசிரியை செல்மிராவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்க முதலாளி எவரிஸ்தோவைப் பார்க்கணும். அவர் காலத்துக்கப்புறம் பத்திரிகை அவரோட அண்ணன் மகனுக்கு. அந்த அண்ணன் மகன் எங்க கம்பெனிக்கு விக்க ஒத்துக்கிட்டார்.”

“வாங்கி என்ன பண்ணுவீங்க?”

“மூடிடுவோம்.”

முதலாளியின் மனைவி ரமோனா வக்கீலுக்கு மாத்தே தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். “அவர் ஓய்வுல இருக்கார். யாரையும் பார்க்கறதில்லை.”

“இறந்துட்டதா கேள்விப்பட்டோமே?”

செல்மிரா நாலு மாத இதழ்களை எடுத்து வைத்தாள். “இந்த ஊர்ல யார் போனாலும் மூணாம் பக்கத்துல வரும். பதிவு அலுவலகக் குமாஸ்தாவே இதைப் பார்த்துத்தான் எழுதிக்குவார். நீங்களே பாருங்க.”

வக்கீல் ஒவ்வொரு இதழாகப் புரட்டினார். பாதிரியாரின் கழுதை செத்ததுகூட இருந்தது. எவரிஸ்தோ இல்லை.

“கழுதைக்கே அரைப் பக்கம் கொடுத்தவங்க முதலாளியை விட்டுடுவீங்களா?” என்று எழுந்தவர், மூன்று மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்.

பஸ் மறையும் வரை ரமோனா ஜன்னலில் நின்றாள்.

“செல்மிரா, பேப்பர்ல வந்தாத்தான் நான் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தலாம். அவர் அடக்கத்துக்கு ஊரே வந்துச்சு. நாலு மாசமா நான் இந்தப் பூப்போட்ட கவுன்ல திரியறேன். இந்த வாரமாவது போடேன்.”

“அண்ணன் மகன் மனசு மாறட்டும் அக்கா. இந்த வாரமும் இடமில்லை.”

ரமோனா கவுனின் ஓரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“அப்போ இன்னொரு கவுன் தைக்கணும். இது வெளுத்துப்போச்சு.”