மந்திரி கடித்த கை

அநியாயம் இழைக்கப்பட்டவர், மீனவர் சங்கத் தலைவர் மரியசெல்வம். இழைத்தது, விதவை ஜெபமாலை வளர்க்கும் மூன்று மாத நாய்க்குட்டி. ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தல் சமயத்தில் பிறந்ததால் அதற்கு மந்திரி என்று பெயர். இடம், பாம்பன் கரை. கடிபட்டது வலது கை.

கீறல் என்னவோ கடுகளவுதான். கட்டு தேங்காய் அளவுக்கு இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே விசாரணை கூடிவிட்டது. குட்டியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"சாதாரணக் கையா இது? தருமக் கை" என்றார் தலைவர், கட்டைத் தூக்கிக் காட்டி. "விதவை நிதிக்குன்னு கூடைக்கு ஒரு பிடி மீன், தினமும் நானே கரைக்கு வந்து எடுக்குறேன். நேத்து இவ கூடையில ஒரு பிடி நெத்திலி எடுத்தேன். கடிச்சுருச்சு. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடணுமாம்."

"போட்டாச்சா தலைவரே?" என்றான் சிலுவைமுத்து. ஜெபமாலைக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

"அது கிடக்கட்டும்லே. நாயைச் சாக்குல கட்டிக் கடல்ல போடணும். போடுற வரைக்கும் இவ கரையில கூடை இறக்கக் கூடாது."

விதவை நிதி தொடங்கி நாலு வருஷம். ஜெபமாலையின் புருஷன் கடலோடு போய் மூன்று வருஷம். அந்த நிதியிலிருந்து அவளுக்கு ஒரு மீன் வால்கூட வந்ததில்லை. ஏன் என்று கேட்பது கரையில் மரியாதைக்குறைவு.

ஊர்ப் பெரியவர் இன்னாசி அவளைப் பார்த்தார். "நீ என்ன தாயி சொல்ற?"

ஜெபமாலை குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள். பேசினால் கரையில் இடம் போகும். பேசாவிட்டால் குட்டி போகும்.

சிலுவைமுத்துதான் மறுபடி வாயைத் திறந்தான். "போன மாசம் வரைக்கும் இது ஊர்ல ஒரு கையை விடாம மென்னுச்சு, வாஸ்தவம். பல்லு ஒவ்வொண்ணும் ஊசி. இந்த அக்கா பழக்கி நிறுத்திருச்சு. இப்ப என் மக அது வாய்க்குள்ளயே கையை விடுறா. நக்குது, அம்புட்டுத்தான்."

"அப்ப நான் பொய் சொல்றேனாலே?"

"கடிச்சது நெசந்தான். ஊரையே விட்டுட்டு உங்களை மட்டும் ஏன் கடிச்சுச்சுன்னுதான் கேக்குறேன்."

"நாய்க்கு நல்லவன் கெட்டவன் தெரியுமாலே?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கிக்கொண்டார்கள்.

இன்னாசி தொண்டையைச் செருமினார். "அடிச்சுப் பழக்குனியா தாயி? அடி வாங்குன நாய்தான் ஆள் பாத்துக் கடிக்கும்."

"அடிக்கல பெரியய்யா."

"கையில வேப்பெண்ணெய் தடவுனியா?"

"இல்ல."

"பிறகு எப்படித்தான் நிறுத்துன? சொல்லு. சொல்லாட்டி சாக்குதான்."

சாக்கு என்றதும் ஜெபமாலை நிமிர்ந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக் கையை மூடிக் குட்டியின் முன்னால் நீட்டினாள்.

குட்டி அந்த மூடிய கையை நக்கியது. கை திறந்தது. கருவாடு மறைந்தது.

"இம்புட்டுத்தான் பெரியய்யா. கடிச்சா கை மூடியே இருக்கும். நக்குனா திறக்கும். இப்படித்தான் பழக்குனேன்."

"பழக்கினது சரி" என்றார் தலைவர். "நேத்து என்னை ஏன் கடிச்சுச்சு? அதுக்குப் பதில் சொல்லு."

ஜெபமாலை அவரை நேராகப் பார்த்தாள்.

"உங்க கையையும் மூணு தடவ நக்கிப் பாத்துச்சு தலைவரய்யா. அது திறக்காத கைன்னு கரையில எல்லாருக்கும் தெரியும். இது சின்னக் குட்டி, நேத்துத்தான் தெரிஞ்சுக்கிச்சு."