நினைத்த பக்கம் போகிறவள்

பொழுதுபோக்குப் பூங்காவில், கார்ட்டூன் படத்து எலி ராஜாவின் இருட்டு அரண்மனைக்குள் தண்டவாளமே இல்லாமல் வளைந்து வளைந்து ஓடும் பூசணி வண்டிக்குத் தலைக்கனம் அதிகம். வாசலில் சுற்றும் குட்டி ரயிலிடம், “நீ கம்பியை விட்டு நகரமாட்டாய். நான் நினைத்த பக்கம் போகிறவள்” என்று பீற்றிக்கொள்ளும்.

ஒரு நாள் அதில் ஏறிய சிறுமி, தூரத்தில் வாயைப் பிளந்து நின்ற பெரிய பொம்மைப் பூனையைக் கண்டு, “வண்டி, அங்கே போகாதே, என் தங்கமில்லே!” என்று கெஞ்சினாள். வண்டி வேறு பக்கம் திரும்பத்தான் பார்த்தது. தரைக்கடியில் புதைத்திருந்த கம்பியிலிருந்து வந்த கட்டளையோ அதைப் பூனையின் வாய்க்கே இழுத்துப்போனது. பிள்ளை பயத்தில் இருக்கையை நனைத்துவிட்டாள்.

வாசலுக்கு வந்ததும் ரயில் கேட்டது: “ஐயோ, பிள்ளை எப்படி அழுகிறது! நினைத்த பக்கம் போகிறவளாச்சே அக்கா, வேறு பக்கம் திரும்பியிருக்கக் கூடாதா?”

உண்மை தொண்டைவரை வந்தது.

“பூனையிடம் போக எனக்குத்தான் ஆசை” என்றது வண்டி, ரயிலின் முகத்தைப் பார்க்காமல்.