சிவப்பு இலக்கம்

யாகோப்பு விட்ட முதல் உதையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல் முழுக்கச் சிவப்பாகிப்போனது. பதறாதீர்கள், அது பெயிண்ட். ரத்தம் இரண்டாவது அடியில்தான் வந்தது.

கதவில் 41 என்று எழுதிக்கொண்டிருந்தவன் மூக்கைப் பொத்தியபடி சாக்கடையில் விழுந்தான்.

"பூசைக்குப் போனா வீடு காலியா இருக்கும்னு பாத்து வந்தியாடா? எந்த ஆபீசுடா ஞாயித்துக்கெழம வேல செய்யுது?"

கோபம் வராமல் என்ன செய்யும்? இரண்டு வருஷத்துக்கு முன் கீழ் லயத்துக் கதவுகளிலும் இப்படித்தான் சிவப்பில் இலக்கம் போட்டார்கள். மறுமாதமே இடித்துத் தள்ளிவிட்டு ஹோட்டல் கட்டினார்கள். இந்த ஒற்றை அறையும் போனால், வயசுக்கு வந்த மகள் ஜெசீகாவைக் கூட்டிக்கொண்டு அவன் எந்த மரத்தடியில் போய்ப் படுப்பான்?

"உடைக்கிறதுக்கு இல்லண்ணே..." என்று வாயெடுத்தவனின் பல்லில் முழங்கை இறங்கியது. அதோடு விட்டானா? தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியைக் கூரையிலிருந்து உருவி, தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, கழுத்தில் வைத்துவிட்டான்.

"மாதாவே! விடுங்கப்பா!" கீழே கிடந்த அந்த ஆளின் போனை எடுத்துப் பார்த்த ஜெசீகா அலறினாள். "இது ஆம்புலன்சுக்குப்பா! மேப்புல நம்ம லயம் இருக்கு, பாருங்க!"

பலீல் என்ற அந்த மனிதன் ரத்தத்தைத் துப்பிவிட்டுத் திக்கித் திக்கிச் சொன்னான்.

"பண்டாரவளை டவுன்ல வீட்டுக்கு வீடு இலக்கம் போட்டு மேப்புல ஏத்தி, அத பதுளை ஆம்புலன்சுக்காரங்களுக்கும் குடுத்திருக்காங்கண்ணே. தோட்டத்தையும் அதுல சேக்கிறோம். இனி லயத்துப் பேரும் 41ன்னும் சொன்னாப் போதும், எந்த டவுன் வண்டியும் நேரா இந்த வாசலுக்கு வரும்."

யாகோப்பு கத்தியைக் கீழே போட்டான். போன நவம்பரில் மனைவி பவுலினா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் மேல் லயத்துக்குப் போய்விட்டது. அது அங்கே சுற்றித் திரிய, இவன் அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஐயோ பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி, பலீலின் முகத்து ரத்தத்தைத் துடைத்தான்.

"மன்னிச்சிருங்க தம்பி. நீங்க சாமி மாதிரி வந்திருக்கீங்க. அன்னிக்கு வண்டி ஓட்டுன நாயி மட்டும் கையில கெடைக்கட்டும், இதே கத்தியால கண்டதுண்டமா வெட்டிப்புடுவேன்!"

பலீல் கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தான்.

"வெட்டுங்கண்ணே. அது நான்தான்."