தாய்மாமன் மடி

தங்கை மகள் ஆதிரைக்குக் காது குத்தியது பரஞ்சோதியின் மடியில் வைத்துத்தான். தாய்மாமன் ஆயிற்றே! அன்று அவன் உடம்பு லேசாகச் சுட்டது. பன்றிச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள், காய்ச்சல் வந்தால் யாரையும் தொடாமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடுமே! ஊரைப் பொறுத்தவரை அவனுக்குப் பொருத்தியிருந்த சிறுநீரகம் விபத்தில் இறந்த யாரோ ஒரு புண்ணியவானுடையது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மணையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது அவன் இரத்தத்தில் பன்றி வைரஸ். அவனைத் தனிவார்டுக்குக் கொண்டுபோகும் வண்டி, போகிற வழியில் தங்கை வளர்மதியின் வாசலில் நின்றது. அவன் தொட்டவர்களுக்கெல்லாம் இரத்தம் எடுக்க வேண்டுமாம்.

வண்டிக்குள் முகக்கவசத்தோடு இருந்தவன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான்.

"பன்னி கிட்னின்னா கேவலமா நெனப்பீங்கன்னுதான், மதி..."

"அத யாருண்ணே கேட்டா? காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா விசேஷத்தத் தள்ளி வச்சிருப்பேனே," என்றாள் அவள்.



வண்டியோடு வந்த நர்ஸ் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. அன்று அழுகையை அமர்த்திய மடியைத் தேடி, "மாமா, மாமா" என்று வண்டியைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது.

பரஞ்சோதி கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டான்.