வாசலில் ஒரு பறிமுதல்

"சால்வைக்குள்ள என்ன?"

மெர்வினின் குரல் கேட்டதும் அர்லின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "ஒண்ணுமில்லையே."

ஹோப்பி என்ற அமெரிக்கப் பழங்குடியின் முன்னோர்கள் வாழ்ந்து, இப்போது இடிந்து கிடக்கும் அந்தப் பழைய ஊருக்கு அவன்தான் காவல். இந்த மாதம் மட்டும் மூன்று வண்ணப் பானை ஓடுகள் காணாமல் போயிருந்தன. இன்னும் ஒன்று போனால் உன் வேலையும் போகும் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது.

அர்லின் சனிக்கிழமை தவறாமல் வருகிறவள். அவன் ஊர்க்காரி, கட்டிக்கொள்ளத் தடையில்லாத வேறு குலத்துப் பெண். திருடுவது இவளாக மட்டும் இருக்கக் கூடாது என்று அவன் மூன்று வாரமாக வேண்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லாததை ஏன் ஒளிக்கிறீங்க? குடுங்க."

"என் கையாலயே தரணுமா? இல்ல, பிடுங்கிக்குவீங்களா?"

"பிடுங்குற பழக்கம் எனக்கில்ல. நீங்களே குடுங்க."

"அப்போ ரெண்டு கையாலயும் வாங்குங்க. உடைஞ்சிடும்."

உடைந்துவிடுமாம்! அப்படியானால் ஓடுதான். துணி சுற்றிய பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினான். பிப்ரவரிக் காற்றில் விரல்கள் விறைத்திருந்தன. பொட்டலம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

பறிமுதல் செய்ததை அலுவலகத் தலைமை முன்னால்தான் பிரிக்க வேண்டும். தலைமை வேறு யாருமில்லை, அவன் அப்பாவின் தங்கை வெர்னா. அர்லினையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனான்.

"அத்தை, பானை ஓடு திருட்டு. கையும் களவுமா பிடிச்சேன்." பொட்டலத்தை அவள் மேசையில் வைத்தான்.

"என்ன திருட்டு? அந்த மூணு ஓடும் இப்பதான் தபால்ல திரும்பி வந்துச்சு. எடுத்துட்டுப் போன சுற்றுலாக்காரனுக்குத் தூக்கமே வரலையாம்." சொல்லிக்கொண்டே வெர்னா முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே நீலச் சோள மாவில் சுட்ட இனிப்பு ரொட்டி. இன்னும் லேசாக ஆவி பறந்தது.

வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி! பொண்ணு கையால தர்ற இந்த ரொட்டியை ஆம்பளை வாங்கிட்டா கல்யாணத்துக்குச் சம்மதம்னு உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையாடா?"

"நான் பறிமுதல்தானே பண்ணினேன்!"

"ஊர்ல என்னைப் பார்த்தா சந்து மாறிப் போயிடுறார்," என்றாள் அர்லின் அத்தையிடம். "இங்கதான் அவரே கை நீட்டிக் கேட்டாகணும்."

வெர்னா சட்டென்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள். வரப்போகிற பெண்ணைக் குறை சொல்வது மாப்பிள்ளையின் அத்தைகளுக்கு உள்ள உரிமை. "ரொட்டி கோணலா இருக்கு. சோம்பேறி போல. டேய், இஷ்டமில்லைன்னா இப்பவே திருப்பிக் குடுத்துடு. நாளைக்கு அவ கல்யாணப் பொண்ணா உங்கம்மா வீட்டுல மாவு அரைக்க வந்து நின்னுட்டா அப்புறம் என்னைக் கேட்காதே."

அர்லின் முதல் தடவையாகத் தலை குனிந்தாள். சால்வை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

மெர்வின் பொட்டலத்தைக் கவனமாக மறுபடி முடிந்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான்.

"பறிமுதல் பண்ணினதைத் திருப்பித் தர விதியில இடமில்லை, அத்தை."