ஒன்பது நாள் சூடு

“என் வீட்டுக்காரர்தான் வண்டியக் கெடுத்தாருன்னு எழுதிக் குடுங்க அண்ணே. போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும்.”

கிள்ளான் வெயிலில் காலையிலிருந்து நாலு வண்டி பார்த்து ஓய்ந்துபோயிருந்தார் மெக்கானிக் லியனார்ட். எதிரில் நின்ற லோகேஸ்வரி, போர்ட் கிள்ளானில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்தவள். குரலை உயர்த்த இருவருக்குமே தெம்பில்லை.

“எப்பலேர்ந்து சூடாகுது அக்கா?”

“அவரு பெட்டியத் தூக்கிட்டு ரவாங்குல தம்பி வீட்டுக்குப் போனதுலேர்ந்து. ஒம்பது நாளாச்சு. பழைய வண்டிதான், ஆனா அதுவரைக்கும் ஒரு நாள்கூட சூடானதில்ல. போறப்ப என்னமோ செஞ்சிட்டுப் போயிருக்காரு.”

கேட்காமலே மீதியையும் கொட்டினாள். அலுத்துப்போன மனசுக்கு யாராவது காதுகொடுத்தால் போதும்.

“ஒரு வருஷமா தினம் காலையில அஞ்சு மணிக்கு ஃபிளாட்டுக்குக் கீழ எறங்கிடுவாரு. கேட்டா ‘வண்டியப் பாக்கப் போறேன்’. வேற பேச்சே கெடையாது. எவனாவது தினம் அஞ்சு மணிக்கு வண்டியப் பாக்கப் போவானா? வீட்ல வாயத் தொறக்காத ஆளு, கீழ போய் எவகிட்டயோ போன்ல பேசறாரு. நாந்தான் வெளிய போகச் சொன்னேன்.”

லியனார்ட் வண்டிக்குள் உட்கார்ந்தபோது பின்சீட்டுக்குக் கீழே காலி மினரல் வாட்டர் பாட்டில்கள் உருண்டன.

“அதுவும் அவரு குப்பைதான் லா. தூக்கிப் போடுங்க.”

ஹோஸ் எதுவும் அறுபடவில்லை. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், செம்மண் கலந்ததுபோல் துருத் தண்ணீர், அதுவும் அடியில் கொஞ்சம். நிரப்பி ஸ்டார்ட் செய்ததும் குபுகுபுவென்று குமிழ் கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை.

“ஹெட் கேஸ்கெட் போச்சு அக்கா. தண்ணி வெளிய ஒழுகல, இன்ஜினே உள்ள குடிச்சிடுது.”

“அவரு வேலைதானே?”

“யாரும் கெடுக்கல. ஒம்பது நாள் கோளாறும் இல்ல. உள்ள கூலன்ட்டே இல்ல, வெறும் பைப்புத் தண்ணி. இந்த அளவுக்குத் துரு புடிக்க ஒரு வருஷமாவது ஆகும்.”

லோகேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. இந்த ஆளும் ஆண்களுக்குத்தான் பேசுகிறார் என்று நினைத்தாள்.

“கேஸ்கெட் போன வண்டி ஒரு வருஷம் சூடாகாம எப்படி ஓடும்?”

“தினம் தண்ணி ஊத்தினா ஓடும்.”

“யாரு ஊத்துவா? வண்டி முன்னாடி பானட்ட நான் தொறந்ததே இல்ல.”

லியனார்ட் கையைத் துடைத்துக்கொண்டார். சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது.

“அவருதான் தினம் காலையில வண்டியப் பாக்கப் போனாரே அக்கா.”