விட்டில்

ராஜினாமாக் கடிதத்தை அடித்து முடித்த பிறகும் தமயந்திக்கு அதை அனுப்ப மனம் வரவில்லை. நேரம் கடத்துவதற்காக, லேப்டாப்பில் மவுஸ் அம்புக்குறியைச் சிறிய கறுப்பு விட்டில்பூச்சியாக மாற்றினாள். விரலை நகர்த்தியதும் அது திரையெங்கும் பறந்தது. சுவரில் இருந்த பல்லி திரைக்குத் தாவி அதைக் கவ்வி விழுங்கியது.

"இன்னும் அனுப்பலையா?" என்றான் கணவன், சமையலறையிலிருந்து.

"அனுப்பிக்கிட்டே இருக்கேன்."

பல்லியின் வெளிறிய வயிற்றுக்குள் பூச்சி சிறகடிப்பது தெரிந்தது. டச்பேடில் விரலை மெல்ல இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தாள். பல்லியும் இடப்பக்கம் நகர்ந்தது. 'அனுப்பு' என்ற பொத்தானை நோக்கி அதைக் கொண்டுபோனாள். ஒரு விரற்கடை தூரத்தில் அது நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கியது. அவளுடைய விரல் தானாக அதன் பின்னால் போனது.